பந்தியில் யாரைக் காணவில்லை?

அய்யா துணை



நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. பத்தாம் வகுப்போடு நின்றவன். இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் ஊர் நிழல் தாங்கலில் தண்ணீர் கோருவது, விளக்குத் துடைப்பது, பந்தி பரிமாறுவது என்று என்னால் முடிந்த பணிவிடையைச் செய்து வருகிறேன். ஏட்டுக்கு விளக்கம் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் வாளியும் கரண்டியுமாகப் பந்தியில் நடந்தவனுக்கு, உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாத ஒன்றிரண்டு காரியம் தெரியவரும். அதை மட்டும் இங்கே எழுதுகிறேன். குற்றம் குறை இருந்தால் அய்யா பொறுக்க வேண்டும். நீங்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. தூணோரம் எப்போதும் உட்காரும் ஆச்சி ஒருவர் எங்கள் தாங்கலில் உண்டு. எண்பது வயது தாண்டியவர். இலையில் சோறு விழுந்ததும் கை வைக்க மாட்டார். வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருதடவை பார்த்துவிட்டுத்தான் பிசைவார். அன்றைக்குப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, அந்தப் பிள்ளையைக் காணல்லியே?”

“எந்தப் பிள்ளை ஆச்சி?”

“பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளதான். மூணு வாரமா வரல்ல. நீதானே பரிமாறுற, உனக்குத் தெரியண்டாமா?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்று எத்தனை கிலோ அரிசி வெந்தது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எத்தனை இலை விழுந்தது என்று கேட்டாலும் சொல்லியிருப்பேன். யார் வரவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. வந்தவர்களை எண்ணுவதுதான் அன்னதர்மம் என்று அத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

அன்பானவர்களே, சமபந்தி என்று இன்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அய்யா காலத்தில் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு விலை என்று ஒருதடவை நினைத்துப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூர் ஆட்சியில் நம் முன்னோர் நினைத்த தெருவில் நடக்க முடியாது. பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது. ஆண்கள் தலையில் துண்டு கட்டக் கூடாது. பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது. பனை ஏறுகிறவனின் ஏணிக்கும் வரி, தளைக்கும் வரி. கூலியில்லாத ஊழியம் வேறு. இப்படிக் குனிந்தே பழகிய மக்களின் நடுவில்தான் கொல்லம் 1008 மாசி 20-ஆம் நாள், அதாவது 1833-ஆம் ஆண்டு, திருச்செந்தூர்க் கடலிலிருந்து அய்யா வைகுண்டராக எழுந்தருளினார்.

வந்த அய்யா என்ன செய்தார்? சுவாமித்தோப்பில் முத்திரிக்கிணறு வெட்டி எல்லா சாதியாரும் ஒரே தண்ணீரைப் புழங்கச் செய்தார். ஒரே தரையில் ஒரே பந்தியில் உட்கார வைத்தார். தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் பதிக்குள் வர வேண்டும் என்றார். பள்ளியறையில் கண்ணாடியை வைத்தார். இந்த நான்கிலும் ஒரு பொருள் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. தலைப்பாகையை ஒருவர் கொடுக்க இன்னொருவர் கும்பிட்டு வாங்கவில்லை. அவரவர் துண்டை அவரவர் தலையில் கட்டினார்கள். பந்தியில் மேலே இருந்து கொடுப்பவரும் கீழே இருந்து வாங்குபவரும் இல்லை. தாழ்ந்து கிடப்பவனை நிமிர்த்தி நமக்குச் சமமாக உட்கார வைப்பதுதான் அய்யா காட்டிய தர்மம். வாங்குகிறவன் குனிய வேண்டியிருந்தால் அதற்குப் பெயர் வேறு.

அய்யா 1851-இல் வைகுண்டம் ஏகினார். பெண்கள் மேலாடை அணியலாம் என்ற அரசாணை 1859 ஜூலை 26-இல்தான் வந்தது. அப்போதுகூட ‘உயர்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது’ என்ற நிபந்தனையோடு வந்தது. கொடுத்தபோதும் முழுசாகக் கொடுக்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு நாம் இன்று கொடுப்பதிலும் இப்படி ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நாம் பார்க்க வேண்டும்.

ஆச்சி கேட்ட பிள்ளையின் கதைக்கு வருகிறேன். அடுத்த நாள் சாயங்காலம் நானும் தாங்கல் கமிட்டியில் உள்ள ஒரு அக்காவும் அந்த வீட்டுக்குப் போனோம். அப்பா பனையேறி. இரண்டு வருடத்துக்கு முன்னால் பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே பலமில்லை. அம்மா அண்டி ஆபீசுக்குப் போகிறார். பிள்ளை பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொள்கிறது. கொஞ்ச நாளில் அதுவும் அம்மாவோடு அண்டி ஆபீசுக்குப் போகும் என்றார்கள். பதினேழு வயதுகூட நிறையவில்லை, அதற்குள் ஒரு சம்பந்தமும் பேசி வந்திருக்கிறது. தம்பி மட்டும் பீஸ் கட்டும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான்.

அந்த அப்பா படுத்தபடியே சொன்னார்: “ரெண்டு பேரையும் படிக்கவைக்க ஏலாது அண்ணாச்சி. அவன் ஆம்பளைப் பய. அவன் படிச்சாத்தான் வீடு நிமிரும். இவ இன்னொரு வீட்டுக்குப் போறவ.”

கூட வந்த அக்கா என் முகத்தைப் பார்த்தார், நான் பதில் சொல்வேன் என்று. எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் இதே சொல்லை நாற்பது வருடத்துக்கு முன்னால் என் அப்பா வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அன்று அது எனக்குச் சாதகமான சொல். கேட்டு மனதுக்குள் சந்தோஷப்பட்டவன் நான்.

என் தங்கச்சி என்னைவிட இரண்டு வயது இளையவள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. எட்டாம் வகுப்போடு அவளை நிறுத்தினார்கள். அவள் அண்டி ஆபீசுக்குப் போனாள். அண்டித் தோட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து போகும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு வேலை செய்வார்கள். அந்தக் கூலியிலிருந்துதான் என் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பணம் கட்டினார்கள், பரீட்சைக்குப் போட்டுப் போகச் சட்டையும் தைத்தார்கள். நான் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அவள் கையை நான் பார்க்கவில்லை. வருடக்கணக்காகப் பள்ளியறைக் கண்ணாடி முன் நின்று கும்பிட்ட எனக்கு, அந்தப் பனையேறியின் கட்டிலருகில்தான் என் முகம் தெரிந்தது.

அதனால் அந்த அப்பாவிடம் புத்தி சொல்லவில்லை. என் தங்கச்சி கதையைச் சொன்னேன். “எங்க வீடு நிமிர்ந்ததா என்னான்னு கேட்டா, நான் நிமிர்ந்தேன் தம்பி. அவ குனிஞ்சு என்னைத் தாங்குனா” என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த வாரம் கமிட்டி கூடியது. ஆவணித் திருநாள் நெருங்கிய நேரம். அலங்கார விளக்குக்கும் வளைவுக்கும் பெரிய தொகை ஒதுக்கியிருந்தது. அதில் பாதியை இந்தப் பிள்ளை மாதிரி உள்ளவர்களுக்குத் திருப்பலாமே என்று கேட்டேன். ஒருவர், “தாங்கல் பணம் அன்னதர்மத்துக்குள்ளது. படிப்புக்குக் கொடுத்தா நாளைக்குக் கணக்குக் கேப்பாங்க” என்றார். இன்னொருவர், “ஒரு பிள்ளைக்குக் கொடுத்தா பத்துப் பிள்ளை வரும்” என்றார். கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. பொதுப்பணத்துக்குப் பயப்படுகிறவர்கள் தாங்கலுக்கு வேண்டும். ஆனால் பெரியவர் ஒருவர் சொன்ன பதிலில் பேச்சு முடிந்துவிட்டது. “பத்துப் பேரு வரட்டுமே. பந்திக்குக் கூடப் பத்துப் பேரு வந்தா இலை இல்லேன்னா சொல்லுதோம்?”

நிழல் தாங்கல் என்ற பேரே என்ன சொல்கிறது? நிழல் கொடுப்பது, தாங்குவது. அகஸ்தீஸ்வரம், பாலூர், கடம்பன்குளம், பாம்பன்குளம் போன்ற ஊர்களில் அய்யா காலத்திலேயே தாங்கல்கள் உண்டாயின. பழைய நாட்களில் தாங்கல்களில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததாகவும் பெரியவர்கள் சொல்வார்கள். பள்ளிக்கூடத்து வாசல் நமக்கு அடைத்திருந்த காலத்தில் தாங்கல் திண்ணை திறந்திருந்தது. ஆகவே படிப்புக்குக் கொடுப்பது தாங்கலுக்குப் புதிய வழக்கம் அல்ல.

சரி, பணத்தோடு போனோம். போன பிறகுதான் எங்கள் அறியாமை தெரிந்தது. அந்தப் பிள்ளைக்குப் பீஸ் தேவையே இல்லை. அரசுப் பள்ளியில் புத்தகம் சும்மா, பஸ்ஸும் சும்மா. பிறகு ஏன் நின்றது? வாரா வாரம் வாசலில் வந்து நிற்கும் கடன் தவணைதான் காரணம். பகலில் அப்பாவுக்குத் தண்ணீர் எடுத்துக்கொடுக்க ஆளில்லாததும் காரணம். அதை யாரும் கேட்காமல் நாமாகப் பீஸ் என்று முடிவு கட்டியிருந்தோம். தர்மம் கொடுக்கப் போகிறவன் முதலில் திண்ணையில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

பிறகு இப்படிச் செய்தோம். ஊரில் பிடியரிசி எடுத்து அந்த வீட்டு அரிசிச் செலவைத் தாங்கல் ஏற்றது. அந்த அளவுக்குத் தவணை கட்டக் கையில் காசு மிஞ்சியது. அப்பாவுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் அரசின் மாத உதவித்தொகைக்கும் மனு எழுதி, ஆட்டோ வைத்துக் கூட்டிப்போய் வந்தோம். பக்கத்து வீட்டு அத்தை பகலில் இரண்டு தடவை எட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். தம்பிக்காரன் அடுத்த வருடம் அக்கா படிக்கும் அரசுப் பள்ளிக்கே மாறினான். இன்னொரு காரியத்தையும் அந்தப் பையனிடம் கேட்டோம். சாயங்காலம் வந்ததும் கஞ்சி வைப்பது அவன் பொறுப்பு, பாத்திரம் கழுவுவதும் அவன் பொறுப்பு. அவன் முகத்தைச் சுளித்தான். “பொம்பளை வேலை” என்றான்.

அந்தப் பையனிடம் துவயல் பந்தியின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் தெரிந்த கதைதான். வாகைப்பதியில் எழுநூறு குடும்பத்தார் கடற்கரையில் கூடியிருந்து தவம் இருந்தார்கள் அல்லவா? ஒருவேளை உணவு, மூன்றுவேளை குளியல், துணி துவைத்துச் சுத்தமாக இருப்பது. அங்கே யார் துவைத்தார்கள்? ஆணும் துவைத்தான், பெண்ணும் துவைத்தாள். துவையல் என்ற வேலையையே தவமாக அய்யா வைத்தபோது, அதைப் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கவில்லை. அந்தத் தவத்தின் பேரைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். வீட்டுக்கு வந்ததும் வியர்த்த சட்டையைக் கழற்றித் தங்கச்சி மேல் எறிகிறோம். பையன் சிரித்துவிட்டான். இப்போது அவன் வைக்கும் கஞ்சி நன்றாக இருக்கிறது என்று அவன் அம்மா சொல்கிறார்.

சம்பந்தம் பேசிய காரியத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். பெண்ணுக்குப் பதினெட்டும் ஆணுக்கு இருபத்தொன்றும் நிறையாமல் கல்யாணம் செய்வது 2006-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். 1098 என்ற எண்ணில் யாரும் தகவல் சொல்லலாம். எங்கள் ஊரில் அந்த அளவுக்குப் போகவில்லை. அம்மாவே சம்பந்தக்காரரிடம், “பிள்ள படிக்கட்டும், பிறகு பாப்போம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல, பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள் என்ற தைரியம் அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்தது. அந்தத் தைரியத்தைக் கொடுப்பதும் தர்மம்தான்.

பிள்ளை பிளஸ் டூ முடித்தது. இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்பிள்ளைகள் மேலே படித்தால் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கும் அதேபோலத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. நம் ஊர்களில் இது தெரியாமல் விட்டவர்கள் உண்டு. ஒவ்வொரு தாங்கலிலும் விவரம் தெரிந்த ஒரு இளைஞர் ஞாயிற்றுக்கிழமை பந்திக்குப் பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தால், அதுவே பெரிய பணிவிடை. அதற்குக் காசு வேண்டாம்.

இதுவரை நல்லதாகச் சொன்னேன். நாங்கள் செய்த தப்பையும் சொல்லாவிட்டால் இந்த எழுத்து பொய்யாகிவிடும்.

இந்தப் பிள்ளையின் காரியத்துக்கு முன்னால் ஒரு வருடம், பள்ளி திறக்கும் நேரத்தில் நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். மேடை போட்டு, மைக் கட்டி, ‘ஏழை மாணவர்களுக்கு உதவி’ என்று பேனர் வைத்தோம். பெயரை மைக்கில் வாசித்து ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பெயரை மூன்று தடவை வாசித்தோம். அவன் மதிலுக்குப் பின்னால்தான் நின்றிருந்தான். மூன்றாவது தடவை வாசித்ததும் வீட்டுக்கு ஓடிவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவன் தாங்கலுக்கு வரவில்லை. நான் அவன் அம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னார்: “நோட்டு இல்லேன்னு பள்ளிக்கூடத்துல ஏச்சு வாங்குனா ஒரு டீச்சருக்குத்தான் தெரியும். இங்க ஊருக்கே தெரிஞ்சு போச்சே அண்ணாச்சி.”

காணிக்கை வேண்டாம் என்று சொன்னவர் அய்யா. நாங்கள் அந்தப் பையனிடம் காணிக்கை வாங்கினோம். ஒரு டஜன் நோட்டுக்கு அவன் மானத்தைக் காணிக்கையாகக் கேட்டோம். இப்போது மேடையும் இல்லை, போட்டோவும் இல்லை. தாங்கலில் படிக்க வரும் பிள்ளைகள் எல்லோருக்கும், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து, ஒரே நோட்டு. கூடுதலாகத் தேவைப்படுகிற வீட்டுக்கு இருட்டிய பிறகு ஒருவர் போய்க் கொடுத்து வருவார். கணக்கு நோட்டில் தொகை இருக்கும், பெயர் இருக்காது. பெயர் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

அன்பானவர்களே, ஆச்சியின் கேள்வி ஒரு பெண்பிள்ளையோடு நிற்கவில்லை. பார்க்கத் தொடங்கிய பிறகு பந்தியில் நிறைய இடம் காலியாக இருப்பது தெரிந்தது.

மூன்று சக்கர வண்டியில் வரும் இளைஞன் ஒருவன் உண்டு. தாங்கல் வாசலில் நாலு படி. அவன் வெளியே பூவரசு மரத்தடியில் இருப்பான். நாங்கள் சோற்றை அங்கே கொண்டுபோய்க் கொடுப்போம். அவனைத் தேடிப்போய்க் கொடுக்கிறோமே என்று எங்களுக்குப் பெருமை வேறு. ஒருநாள் நான் அவனிடமே கேட்டேன், “உனக்கு வேற என்ன வேணும் மக்களே?” என்று. “மாமா, சோறு இங்க வருது. நான் அங்க வர முடியல்லியே” என்றான். இரண்டு நாள் வேலை, சில மூட்டை சிமெண்ட், படிக்குப் பக்கத்தில் சாய்தளம் ஆகிவிட்டது. இத்தனை வருடம் அதைச் செய்யாமல் இருந்ததற்குப் பணம் காரணம் அல்ல. 2016-ஆம் வருடச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வேலையில் நூற்றுக்கு 4, அரசின் உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் நூற்றுக்கு 5 இடம் ஒதுக்கப்பட வேண்டும். நாடு இடம் ஒதுக்கிவிட்டது, நம் பந்தியில் இடம் இல்லாமல் இருந்தது. இன்று அவன் தன் வண்டியிலேயே வரிசையில் இருக்கிறான். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவனும் அவன்தான்.

அடுத்தது சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரின் கடைசித் தெருவில் வேறு சமூகத்தார் இருக்கிறார்கள். அவர்கள் திருநாளுக்கு வருவார்கள், பந்தி முடிந்த பிறகு பாத்திரத்தில் சோறு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வரக் கூடாது என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. வாருங்கள் என்றும் ஒருநாளும் சொன்னதில்லை. நம் தாத்தாமாரைத் தெருவில் தள்ளி நிற்க வைத்த கதையை வருடா வருடம் சொல்லி மனம் நோகிறோம். நம் வாசலில் ஒருவர் தள்ளி நிற்பதைப் பார்த்துக்கொண்டே அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறோம்.

சென்ற திருநாளுக்கு அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட்டோம். பெரியவர்கள் தயங்கினார்கள். நாலு பிள்ளைகள் மட்டும் வந்து பந்தியின் கடைசியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள், ஆச்சி தன் இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தூணை விட்டு எழுந்தார். மெல்ல நடந்து கடைசிக்குப் போய் அந்தப் பிள்ளைகளுக்கு அடுத்து உட்கார்ந்தார். “இங்க காத்து நல்லா வருது, இங்க போடு” என்றார். அதன் பிறகு எது முதல், எது கடைசி என்று யாரும் பார்க்கவில்லை. அந்த நாலு பிள்ளைகளில் மூன்று பேர் இன்று தாங்கலில் சாயங்காலம் படிக்க வருகிறார்கள். நாலாவது பிள்ளை ஏன் வரவில்லை என்று அடுத்த வாரம் போய்க் கேட்க வேண்டும்.

நம் வீட்டுப் பந்தியையும் பார்ப்போம். மகனுக்குப் படிப்பு, மகளுக்கு நகை என்று பிரித்து வைக்கிறோம். நகையைச் சேர்த்து இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பதைச் சீர் என்கிறோம். வரதட்சணை 1961-லேயே சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டில் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை 1989-இல் வந்தது. உரிமையாகச் சேர வேண்டியதைத் தராமல், சீராகத் தந்துவிட்டு, மகளுக்கு நிறையச் செய்தோம் என்று சொல்லிக்கொள்கிறோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். என் அப்பா வைத்துப்போன விளையில் பாதியை இந்த வருடம் தங்கச்சி பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். அதைத் தர்மம் என்று சொல்ல மாட்டேன். நாற்பது வருடக் கடன் அது, அதிலும் ஒரு பாகம்தான் தீர்ந்திருக்கிறது.

சென்ற கார்த்திகை மாதம் பதினேழு நாள் திருஏடு வாசிப்பில், பாலிடெக்னிக் படிக்கும் அந்தப் பிள்ளை வாசிக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. பெண்பிள்ளை வாசிப்பது எங்கள் தாங்கலில் வழக்கம் இல்லை என்றார் ஒருவர். ஏட்டில் எங்கே தடை என்று காட்டுங்கள் என்றார் பெரியவர். யாராலும் காட்ட முடியவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை வாசித்தது. என் தங்கச்சி முன்வரிசையில் இருந்தாள். அவளுக்கு உச்சிப்படிப்பு முழுவதும் மனப்பாடம், ஆனால் ஏட்டைத் தொட்டு வாசித்ததில்லை. “நீயும் ரெண்டு பக்கம் வாசியேன்” என்றேன். “கண்ணாடி எடுத்துட்டு வரல்ல அண்ணே” என்றாள். கூச்சத்தில் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மூக்குக் கண்ணாடியோடு வந்தாள். கறுத்த விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுத் தொட்டு வாசித்தாள். நான் தலைப்பாகையோடு கண்ணாடி முன்னால் நின்றிருந்தேன். அதில் பார்க்க எனக்குத் தைரியம் வரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

அன்புக்கொடி மக்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தாங்கலில், உங்கள் பதியில், பந்தியில் உட்காரும்போது உடனே சோற்றில் கை வைக்காதீர்கள். ஆச்சி செய்வது போல வரிசையை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பாருங்கள். படிப்பை நிறுத்திய பெண்பிள்ளை, குடிக்கும் போதைக்கும் போய்விட்ட பையன், படியேற முடியாத தம்பி, கூப்பிடாததால் வராத தெருக்காரர் என்று ஒரு இடமாவது காலியாக இருக்கும். அந்த இடத்தை விட்டுவிட்டுச் சாப்பிட்டால் வயிறு நிறையும், பந்தி நிறையாது. எழுந்து போய்க் கூப்பிடுங்கள். போகும்போது கொடுக்கப் போகிறோம் என்று போகாதீர்கள், கேட்கப் போகிறோம் என்று போங்கள். அழைத்து வந்தால் கடைசியில் உட்கார வைக்காதீர்கள்.

அய்யா விரித்த பந்தி சுருங்காமல் இருக்க நம்மால் ஆனதைச் செய்வோம். எல்லாப் பிள்ளைகளும் நிமிர்ந்து வாழ அய்யா அருள் புரியட்டும்.

அய்யா உண்டு.